இருப்பும் செலவும்: ஓர் இசுக்காட்டுச் சொல்லின் வரலாறு

(தமிழ் மன்றம் ஒன்றன் திங்கட் கூட்டத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்துருவம்)



1388ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், இசுக்காட்டுலாந்தின் பெருங்குடித் தலைவனாகிய சேம்சு தகுலசு என்பான், தன் படையுடன் எல்லை கடந்து ஆங்கிலேயர் நிலத்துட் புகுந்தான். ஆட்டர்பர்ன் என்னுமிடத்தில் நிகழ்ந்த இராப்போரில் அவன் மாண்டான். ஆயினும் வென்றது அவன் படையே. ஆங்கிலப் படைத்தலைவனாகிய என்றி பெர்சி சிறைப்பட்டான். இறந்தவன் வென்ற போர் என எல்லைப்புறத்து மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தனர். அக் கதைப்பாட்டின் 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்று இன்றும் உளது.

அதன் முதற் கண்ணியிலேயே தகுலசு புறப்பட்ட செய்தி வருகின்றது. இக்கால ஆங்கிலம் மட்டும் கற்றவன் அவ்வடியைப் படித்தால், "தகுலசு குதிரையேறுதற்குத் தன்னைக் கட்டிக்கொண்டான்" என்றே பொருள் கொள்வான். கட்டிக்கொண்டான் என்பதற்குக் கயிற்றாலோ, கச்சையாலோ, சூளுரையாலோ என்று உரையும் வகுப்பான். கயிறும் இல்லை, கச்சையும் இல்லை, சூளும் இல்லை. தகுலசு அணியமானான், அணியமாகிப் புறப்பட்டான். அவ்வளவே அங்குச் சொல்லப்பட்டது. அதனைச் சொல்லிய சொல் 'பூன்' என்பது. அச்சொல்லின் பிறப்பும் பெருமையும், அதனை உடைய மக்களே அதனைக் கைவிட்ட கதையும், வேற்றார் வாயில் அது முகம் மாறி வாழும் நிலையுமே இவ்வுரையின் பொருள்.

பழைய இசுக்காட்டு மொழியில் 'பூன்' என்பது பெயரடையாகவும் வினையாகவும் வழங்கியது. பெயரடையாயின், அணியமான என்று பொருள். வினையாயின், அணியமாகு, அணியஞ்செய், புறப்படு, ஓரிடம் நோக்கிச் செல் என்றெல்லாம் பொருள்படும். 1375ஆம் ஆண்டையொட்டிச் சான் பார்பர் என்பார், விடுதலைப் போர் வேந்தனாகிய இராபர்ட்டு புரூசின் வரலாற்றை ஒரு பெரும் பாட்டாக இயற்றினார். இசுக்காட்டு மொழியின் முதற்பெரும் நூலாகிய அதிலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. இதற்கு உடன்பிறப்பாகிய சொல் ஒன்றும் உண்டு. அது 'பசுக்கு' என்பது. அதற்கும் அணியமாகு, விரைந்து புறப்படு என்பனவே பழம்பொருள். பழம்பாடல்களில் இவ்விரண்டும் இணைமொழியாக ஒருங்கே வரும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் சொல்லாது விட்டால் பாடகனுக்கு நிறைவு இராது போலும்!

இனி, வேர் காண்போம். இரண்டு சொற்களும் தோன்றியது பண்டை நார்சு மொழியில். நார்வே, தென்மார்க்கு, ஐசுலாந்து ஆகிய வடபுலத்து மக்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்ப் பேசிய மொழி அது. அதில் 'பூவா' என்றொரு வினையடி உண்டு. குடியிருத்தல், மனையும் நிலமும் பேணி வாழ்தல், ஒழுங்குசெய்தல், அணியஞ்செய்தல் என்பன அதன் பொருள்கள். அவ்வினையின் இறந்தகால எச்சம் 'பூவின்' என்பது. அணியஞ்செய்யப்பட்டது என்று பொருள். அதுவே இசுக்காட்டு மொழியில் தேய்ந்து 'பூன்' ஆயிற்று.

'பசுக்கு' என்பதன் பிறப்பு இன்னும் சுவையானது. நார்சு மொழியில் 'தன்னை' என்னும் பொருள்படும் 'சிக்கு' என்ற சொல், வினையின் பின்னால் ஒட்டிக் குறுகி 'சுக்கு' என நின்று, செய்பவனுக்கே பயன் சேரும் வினையை உணர்த்தும். தமிழில் 'செய்துகொள்' என்பதில் 'கொள்' என்பது ஆற்றும் பணியை அங்கு இந்தச் 'சுக்கு' ஆற்றும். 'பூவா' என்பதனோடு அது சேர்ந்து 'பூவாசுக்கு', அஃதாவது 'தன்னை அணியஞ்செய்துகொள்' என்றாயிற்று. அது கடல்கடந்து வந்தபோது நடுவிலுள்ள உயிர் கெட்டுப் 'பசுக்கு' என ஒடுங்கிற்று. ஆகவே 'பசுக்கு' என்பது ஒரு சொல்லன்று, ஒரு சொற்றொடர். வெயில்காய்தலைக் குறிக்கும் 'பாசுக்கு' என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வாறு வந்ததே. தன்னைக் குளிப்பாட்டிக்கொள்ளுதல் என்பது அதன் முதற்பொருள். பேசும் ஆங்கிலேயர் இவ்விரண்டிலும் 'தன்னை' என்னும் சொல்லை விழுங்கிக்கொண்டே பேசுகின்றனர், அறியார்.

இங்கு ஒரு வினா எழும். குடியிருத்தலைக் குறிக்கும் வினை, குடிபெயர்ந்து செல்லுதலைக் குறிக்க வந்தது எங்ஙனம்? இருத்தலும் செல்லுதலும் முரணல்லவோ?

முரணன்று. வடபுலத்து மனையின் வாழ்க்கையை நோக்குக. நெடிய மாரி, குறுகிய கோடை, பாறையும் பனியும் மிடைந்த நிலம். அங்கு ஒருவன் மனையில் இருத்தல் என்பது வாளா இருத்தலன்று. புல்லை உலர்த்திச் சேர்த்தல், மீனை உணக்கி வைத்தல், கூரை வேய்தல், கருவி தீட்டல் என ஓயாது ஒழுங்குசெய்து கொண்டிருத்தலே இருத்தலாயிற்று. ஆகவே இருத்தல் என்னும் சொல்லே ஒழுங்குசெய்தல் என்னும் பொருளையும் சுமந்தது. கடல் மேற் செல்லுங்கால், அதே கையும் அதே கருவியும் அதே பொருள்களும் கப்பலுக்கு மாறுகின்றன. மனையை ஒழுங்குசெய்தவன் கப்பலை ஒழுங்குசெய்கின்றான். அவ்வொழுங்கு முடிந்ததெனின், இனிச் செய்யவேண்டுவது கிளம்புதல் ஒன்றே. ஐசுலாந்தின் பழங்கதைகளில் ஒருவன் 'அணியமானான்' என்று வந்தால், அடுத்த தொடரில் அவன் கப்பல் பெரும்பாலும் கடலில் நிற்கும். அணியத்திற்கும் புறப்பாட்டிற்கும் இடையே அம்மக்கள் ஓர் இடைவெளி கண்டிலர்.

இதற்கு வலிய சான்று அதே வினையின் மற்றோர் எச்சம். 'பூவா' என்பதன் நிகழ்கால எச்சம் 'பூவாந்தி'. குடியிருப்பவன் என்று பொருள். அது சுருங்கிப் 'போந்தி' ஆகி, நிலமுடைய உழவனைக் குறித்தது. வீடு என்னும் பொருளுள்ள 'ஊசு' என்னும் சொல் முன்சேர, 'ஊசுபோந்தி' ஆயிற்று. மனைக்குடையோன் என்பது பொருள். கணவனைக் குறிக்கும் 'அசுபண்டு' என்னும் ஆங்கிலச் சொல் அதுவே! எனவே ஒரே வினையின் நிகழ்கால எச்சம் வீட்டில் இருப்பவனைக் குறிக்க, இறந்தகால எச்சம் வீட்டைவிட்டுச் செல்பவனைக் குறித்தது. வீட்டில் இருப்பவன் 'போந்தி', செல்பவன் 'பூன்'.

இப்பொழுது ஆட்டர்பர்ன் பாட்டின் முதற் கண்ணிக்கு மீண்டும் வருக. அதில் காலங்குறித்தற்காக ஒரு செய்தி சொல்லப்படுகின்றது: உழவர் உலர்புல் சேர்க்கும் பருவம் என்று. அங்கு உழவர் என்பதற்கு வந்துள்ள சொல் யாது? 'அசுபண்டு' என்பதன் பழவடிவமே! அக்காலத்தில் அதற்குக் கணவன் என்னும் பொருளோடு உழவன் என்னும் பொருளும் இருந்தது. அதற்கு அடுத்த அடியில்தான் தகுலசு 'பூன்' ஆகின்றான். ஒரே தாய்வினையின் இரு மக்கள் ஒரே கண்ணியில் நிற்கின்றனர். ஒருவன் புல்வெளியில் குனிந்து நிற்கின்றான், மற்றவன் குதிரைமேல் ஏறிச் செல்கின்றான், திரும்பி வாரான். பாட்டைக் கட்டிய பெயரறியாப் பாவலன் இவ்வுறவை அறிந்து வைத்தானல்லன். மொழி தானே செய்து வைத்த அழகு அது.

அவ்வேரின் கிளைகள் பல. ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் 'பி' என்பது நார்சு மக்களின் குடியிருப்பைக் குறிப்பது. இங்கிலாந்தின் விட்பி, தார்பி, இசுக்காட்டுலாந்துத் தென்பகுதியின் இலாக்கர்பி, கேனன்பி என்பன காண்க. அண்டை வீட்டானைக் குறிக்கும் 'நெய்பர்' என்பதன் ஈற்றுப்பகுதி, அருகிற் குடியிருப்பவன் என்னும் பொருளில் இவ்வேரினின்று வந்த ஆங்கில உறவுச்சொல். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரொடு பொருத 'போவர்' என்னும் ஆலந்து வழி உழவர் பெயரும் இதன் கிளையே. எல்லாவற்றிற்கும் அடியில், 'இரு' 'ஆகு' என்னும் பொருளுள்ள 'பீ' என்னும் ஆங்கில வினையும் இவ்வேரின் வழியதே.

'பூ' என்னும் ஒலியைக் கேட்டவுடனே, தமிழில் மலர்தலைக் குறிக்கும் 'பூ' என்னும் சொல்லை இதனோடு இணைத்துவிட அவையில் சிலர்க்கு விருப்பம் எழலாம். ஒலி ஒத்தது ஒன்று கொண்டே உறவு நாட்டல் ஆராய்ச்சியாகாது. முகம் ஒத்தவரெல்லாம் உடன்பிறந்தார் அல்லர். அவ்விணைப்பை இங்கே விட்டுவிடுக.

நார்சுச் சொல் இசுக்காட்டுலாந்திற்கு வந்த வழி நேர்வழியன்று. இசுக்காட்டு மொழி என்பது, அந்நாட்டின் வடமேற்கு மலைப்பகுதியில் வழங்கும் கேலிக்கு மொழியின் வேறானது. வடக்கு இங்கிலாந்திலும் தென்கிழக்கு இசுக்காட்டுலாந்திலும் பரவியிருந்த நார்தம்பிரியப் பழஆங்கிலத்தின் வழிவந்தது அது. 9ஆம் நூற்றாண்டில் தென்மார்க்கு மக்கள் யார்க்கு நகரைக் கைப்பற்றி அதனைச் சூழ்ந்த நிலத்திற் குடியேறினர். இரு மொழியும் அங்குக் கலந்தன. 1124 முதல் 1153 வரை இசுக்காட்டுலாந்தை ஆண்ட முதலாம் தேவிடு மன்னன் வணிக நகரங்கள் பலவற்றை நிறுவினான். வடஇங்கிலாந்து மக்கள் அங்கு வந்து குடியேறினர். அவர்கள் மூட்டையோடு நார்சுச் சொற்களும் வந்தன. தெருவைக் குறிக்கும் 'கேட்டு', கோயிலைக் குறிக்கும் 'கிர்க்கு', செய்வித்தலைக் குறிக்கும் 'கார்', தொழிற்கருவியையும் குதிரைச் சேணத்தையும் குறிக்கும் 'கிரெய்த்து' எனப் பல. இவற்றுள் 'கிரெய்த்து' என்பதும் அணியத்தைக் குறிக்கும் வேரினின்று வந்ததே. செல்வதற்கு அணியமாதலைக் குறிக்க இத்துணைச் சொல் வைத்துக்கொண்ட மக்கள் வீட்டில் இருந்த நாள் எத்துணையோ!

அவ்வாறு வந்த மொழி ஒரு நாட்டின் அரசமொழியாகவே வளர்ந்தது. மன்றங்களின் தீர்ப்பும், நாடாளுமன்றத்தின் சட்டமும், வேந்தரின் திருமுகமும் இசுக்காட்டு மொழியில் எழுதப்பட்டன. 1513ஆம் ஆண்டில் கேவின் தகுலசு என்னும் பாவலர், வெர்சிலின் 'ஈனீடு' என்னும் இலத்தீனப் பெருங்காப்பியத்தை முழுமையாக இசுக்காட்டு மொழியில் பெயர்த்து முடித்தார். ஆங்கிலத்தில் அதற்கு அப்போது முழுப்பெயர்ப்பு இல்லை. தாம் எழுதுவது தெற்கத்தியாரின் ஆங்கிலமன்று, தம் நாட்டு மொழியே என்று முன்னுரையில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அப்பெயர்ப்பு முடிந்த சில கிழமைகளுக்குள், பிளாதன் போர்க்களத்தில் நான்காம் சேம்சு மன்னனும் அவனோடு நாட்டின் பெருங்குடியினருட் பலரும் மாண்டனர்.

வீழ்ச்சி ஒரேநாளில் வந்ததன்று. முதற்படி, கோயிலின் வழியே வந்தது. 1560இல் சமயச் சீர்திருத்தம் நிகழ்ந்தபோது மக்கள் கையில் கொடுக்கப்பட்ட திருமறை ஆங்கிலத்தில் இருந்தது. இசுக்காட்டு மொழியில் இல்லை. 1520ஐ ஒட்டி மர்தாக்கு நிசுபெத்து என்பார் புதிய ஏற்பாட்டை இசுக்காட்டு மொழியில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அது அச்சேறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்! ஆகவே வீட்டில் தாயொடு பேச ஒரு மொழி, கடவுளொடு பேச மற்றொரு மொழி என்றாயிற்று. அடுத்தபடி, அரண்மனை வழியே வந்தது. ஆறாம் சேம்சு மன்னன், இசுக்காட்டுப் பாவியற்றும் முறைபற்றி இளமையில் நூல் எழுதியவன். தன் மகனுக்கு அறிவுரையாகத் தன் கைப்பட இசுக்காட்டு மொழியில் எழுதிய நூலை அச்சிட்டபோது ஆங்கிலமாக்கிவிட்டான். 1603இல் இங்கிலாந்தின் அரியணையும் அவனுக்கு வாய்க்கவே, அரண்மனை முழுதும் மூட்டை கட்டிக்கொண்டு இலண்டனுக்குப் 'பூன்' ஆயிற்று. 1707இல் நாடாளுமன்றமும் அவ்வழியே சென்றது.

இவையெல்லாம் அரசியல். மொழியை உள்ளிருந்து அரித்தது வேறொன்று, அது நாணம். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோ நகரத்துக் கற்றோர் தம் தாய்மொழியை நாணத் தொடங்கினர். ஐரோப்பாவே போற்றிய மெய்யியலறிஞர் தேவிடு இயூம், 1752இல் தாம் எழுத்தில் விலக்கவேண்டிய இசுக்காட்டு வழக்குகள் எனப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவரோ வாய்திறந்தால் தூய இசுக்காட்டு ஒலிப்பிலேயே பேசியவர். இறக்குங்கால் அவர் தம் தீவினைகளுக்காக வருந்தவில்லை, தம் எழுத்திற் புகுந்த இசுக்காட்டு வழக்குகளுக்காகவே வருந்தினார் என்று ஓர் எள்ளலும் வழங்கிற்று. 1761இல் தாமசு செரிதன் என்னும் அயர்லாந்துக் கூத்தர் எடின்பரோவிற்கு வந்து ஆங்கிலத்தை எவ்வாறு ஒலிப்பது என்று சொற்பொழிவாற்றினார். நகரத்துப் பெருமக்கள் பொருள்கொடுத்து நுழைவு பெற்றுத் தம் நாவைத் திருத்திக்கொள்ளச் சென்றனர். நாவைத் திருத்த வந்தவரும் ஆங்கிலேயர் அல்லர் என்பதைக் காண்க! அபர்தீன் நகரப் பேராசிரியர் சேம்சு பீட்டி என்பாரும் விலக்கத்தக்க சொற்களைத் தொகுத்து நூலாக்கினார். 1787இல், உழவர் மகனாகிய இராபர்ட்டு பர்ன்சு தம் முதல் நூலால் புகழின் உச்சியில் நின்ற வேளையில், அவருக்கு வந்த அறிவுரை, இசுக்காட்டு மொழியை விட்டு ஆங்கிலத்தில் எழுதுக என்பதே. அதனை அவர் பெரிதும் கேளாது விட்டது இசுக்காட்டு மொழி செய்த நற்பேறு.

தம் மொழி தனிமொழியன்று, ஆங்கிலத்தின் சிதைவே என்னும் எண்ணம் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான் சேமிசன் என்பாரின் கதை சான்று. 1759இல் பிறந்து, பார்பர் என்னும் சிற்றூரில் திருச்சபை ஊழியராய் இருந்தவர் அவர். அவரும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருந்தார். அவ்வெண்ணத்தைக் கலைத்தவர் ஒரு வெளிநாட்டார். கிரீமுர் தோர்க்கலின் என்னும் ஐசுலாந்து அறிஞர். 'பேயோவுல்பு' என்னும் பழஆங்கிலக் காப்பியத்தை 1815இல் முதன்முதல் அச்சேற்றியவரும் அவரே. 1786 முதல் சில ஆண்டுகள் பிரித்தானியாவில் தங்கிப் பழஞ்சுவடி தேடிய அவர், சேமிசனைக் கண்டபோது, இந்நாட்டு எளிய மக்கள் வாயில் வழங்கும் சில நூறு சொற்கள் ஆங்கிலத்தின் வழிவந்தன அல்ல என்றும், தம் வடமொழிகளோடு நேருறவுடையன என்றும் எடுத்துக்காட்டினார். (ஈண்டு வடமொழி என்றது ஐரோப்பாவின் வடபுலத்து மொழிகளை, அவையோர் வேறொன்றை நினைத்துச் சினவற்க!) சேமிசன் திகைத்தார், ஐயுற்றார், பின் தாமே சொற்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். உழவரிடமும் முதுபெண்டிரிடமும் கேட்டுக் கேட்டுக் குறித்தவை பெருகி, 1808இல் இரு பெரு மடலங்களாக இசுக்காட்டு மொழியின் வேர்ச்சொல் அகரமுதலி என வெளிவந்தன. 1825இல் மேலும் இரு மடலங்கள் சேர்ந்தன. அவர் காட்டிய சொற்பிறப்புகளுட் பல இன்று நில்லா. ஆயினும் அச்சொற்கள் அழியாது நின்றது அவரால்.

'பூன்' என்னும் சொல் அதற்குள் தளர்ந்துவிட்டது. 1810இல் வால்ட்டர் இசுக்காட்டு (நாட்டின் பெயரே இவர் பெயரும்) 'ஏரியின் நங்கை' என்னும் தம் பாட்டில் போருக்கு அணியமான மறவனைக் குறிக்க அதனை ஆண்டார். ஆயின் வாழும் சொல்லாக அன்று. பழைய வாளை எடுத்துச் சுவரில் மாட்டுவது போல. 'பசுக்கு' சிறிது நன்றாக வாழ்ந்தது. புறப்பாடு என்னும் பொருள் அதனினின்று கழன்றுவிட, ஒப்பனை செய்தல் என்னும் பொருள் எஞ்சியது. மணப்பெண்ணை அணிசெய்தலுக்கு அது வழங்கியது. வில்லியம் ஆமில்டன் என்பாரின் 18ஆம் நூற்றாண்டுப் பாட்டொன்று அச்சொல்லை இரட்டித்து மணமகளை விளித்தே தொடங்குகின்றது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈப்போலத் தோன்றச் செய்யும் தொழிலுக்கும் அது வழங்கியது. அணியமாதலும் அணிசெய்தலும் ஒரு சொல்லில் அடங்குதல் தமிழர்க்கு விளக்கவேண்டுவதன்று. படையும் அணி, நகையும் அணி, முன்னேற்பாடும் அணியம் என்று வழங்கும் மொழி தமிழ். தெருவில் இசைபாடிப் பொருள் ஈட்டுவதைக் குறிக்கும் இக்கால ஆங்கிலப் 'பசுக்கு' இதனின் வேறானது. தேடுதல் என்னும் பொருளுள்ள தென்னாட்டு வேரினின்று பிரெஞ்சு முதலிய மொழிகளின் வழியே வந்தது.

ஆங்கிலத்திற்குள் சென்ற 'பூன்' என்ன ஆயிற்று? அங்கு அதன் ஈற்றில் ஒரு டகரம் முளைத்துப் 'பவுண்டு' என்றாயிற்று. அந்த டகரத்திற்கு வேரில் இடமில்லை. ஒலியைக் குறிக்கும் 'சவுண்டு' என்பதிலும், கடன்கொடுத்தலைக் குறிக்கும் 'லெண்டு' என்பதிலும் இவ்வாறே வேரில் இல்லாத டகரம் ஒட்டிக்கொண்டுள்ளது. ஆனால் இங்கு அதனால் விளைந்த குழப்பம் பெரிது. கட்டுதல் என்னும் வினையின் எச்சமாகிய கட்டுண்ட என்னும் 'பவுண்டு', எல்லை என்னும் 'பவுண்டு', துள்ளுதல் என்னும் 'பவுண்டு' என்று முன்னரே மூன்று அங்கிருந்தன. முதலது செருமானிய வேர்; ஏனை இரண்டும் பிரெஞ்சின் வழி வந்தவை. நான்காவதாக இந்த ஏதிலி போய்ச் சேர்ந்தது. மூவரோடு ஒரே உடையில் நின்றவனை அடையாளங் காண்பார் யார்? வெளிநாடு செல்ல நிற்கும் கப்பலை ஆங்கில மாலுமி 'அவுட்டுவர்டு பவுண்டு' என்கின்றான். அவனை வினவினால், அக்கப்பல் அத்திசைக்குக் கட்டுப்பட்டது என்று விளக்கம் தருவான். கட்டவிழ்த்துச் செல்வதைக் குறித்த சொல் கட்டுண்டதாகப் பொருள்படலாயிற்று!

இதனைக் கேட்டு நகைக்குமுன், பழந்தமிழ்ப் பாடலில் தலைவன் 'செலவு' அழுங்கினான் என்று வருமிடத்தில், இன்றைய மாணவன் பணம் செலவிட அஞ்சினான் என்று எழுதுவதையும் நினைத்துக்கொள்க. ஆசிரியர்கள் அறிவர்.

சொல்லின் பழமை முழுதும் அழிந்துபோகாத மூலை ஒன்றுண்டு. யார்க்குசயர் நாட்டுப்புறத்தில் முதியோர் "எங்கே போகின்றாய்?" என்று கேட்கும்போது, போதலுக்குப் 'பான்' என்று கூறுவர். டகரம் ஒட்டாத பழஞ்சொல்லே அது. தென்மார்க்கு மக்கள் வந்திறங்கிக் குடியமர்ந்த அதே நிலத்தில், பல்கலைக்கழகத்தின் துணையின்றி, பிழையான ஆங்கிலம் என்னும் பழியைச் சுமந்துகொண்டு அது நின்றது. ஐசுலாந்திலோ தாய்வினையே இன்றும் நல்வாழ்வு வாழ்கின்றது. அங்கு ஒரு வேலையை முடித்தவன் "நான் பூவின்" என்பான். முடித்தாயிற்று என்று பொருள்.

இசுக்காட்டு மொழிக்கு 20ஆம் நூற்றாண்டில் ஒரு மீட்பு முயற்சி நிகழ்ந்தது. கிறித்தோபர் மரி கிரீவு என்னும் இயற்பெயருடைய இயூ மக்தெயர்மிடு என்னும் பாவலர், 1925இலும் 1926இலும் வெளியிட்ட நூல்களில், ஊருக்கு ஊர் சிதறிக்கிடந்த சொற்களையும் சேமிசனின் அகரமுதலியில் உறங்கிய சொற்களையும் எடுத்துப் புதுப்பாட்டு இயற்றினார். செயற்கை மொழி என்று பலர் எள்ளினர். அகரமுதலி சொல்லைக் காக்கும். ஆனால் அதற்கு மூச்சுக் கொடுக்க வாய் வேண்டும். அவ்வாய் தாமாக இருப்பதற்கு அவர் துணிந்தார். ஆக்கசுபோர்டுப் பேரகரமுதலியின் பதிப்பாசிரியருள் ஒருவராகிய வில்லியம் கிரெய்கி, பழைய இசுக்காட்டு மொழிக்குத் தனி அகரமுதலி தொடங்கினார். அதன் முதற்பகுதி 1931இல் வெளிவந்தது. பன்னிரண்டாம் மடலம் முடிந்தது 2002இல். 1700க்குப் பிற்பட்ட வழக்கிற்கான மற்றோர் அகரமுதலி, அதே 1931இல் தொடங்கி 1976இல் பத்து மடலங்களாக நிறைவுற்றது. தொடங்கியவர்கள் முடிவைக் காணவில்லை.

அறிஞர் இவ்வாறு ஒருபுறம் அடுக்க, பள்ளிகள் மறுபுறம் கலைத்தன. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தனர். வந்த பிள்ளைகள் வீட்டுச் சொல்லை வகுப்பிற் சொன்னால் பிரம்பும் தோல்வாரும் பேசின. 1946இல் கூட, கல்விக்கான அரசு அறிவுரைக் குழுவின் அறிக்கை ஒன்று, இசுக்காட்டு மொழி கற்றோர் மொழியன்று, கல்விக்கும் பண்பாட்டிற்கும் ஏற்ற வாயிலும் அன்று என்று எழுதி வைத்தது. 'ஈனீடு' முழுதும் அம்மொழியில் எழுதப்பட்டு நானூற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன! ஒரு பிள்ளை தன் தாய் சொன்ன சொல்லைப் பள்ளியில் சொல்லி அடிபட்டால், அது அடுத்த முறை ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொள்ளும் என்பது உண்மையே. தாயைப்பற்றி அது என்ன கற்றுக்கொள்ளும் என்பதை அவ்வறிக்கை எழுதியோர் எண்ணவில்லை.

அவ்வளவு அடிபட்டும் மொழி மாயவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 54 இலக்கம் மக்கள் வாழும் அந்நாட்டில் 15 இலக்கத்திற்கு மேற்பட்டோர் இசுக்காட்டு மொழியைப் பேச அறிவோம் என்று பதிந்தனர். 2025இல் இசுக்காட்டுலாந்து நாடாளுமன்றம் இயற்றிய மொழிச்சட்டம், கேலிக்கு மொழிக்கும் இசுக்காட்டு மொழிக்கும் அரசேற்பு வழங்கியது. எடின்பரோ அரண்மனை இலண்டனுக்கு மூட்டை கட்டி நானூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் வந்ததனால் சொல் வந்துவிடாது. எந்த ஆசிரியர் வகுப்பிற் பேசுகின்றார், எந்தத் தாய் நாணாது பிள்ளையொடு பேசுகின்றாள் என்பதே இனிக் காணவேண்டுவது.

எடின்பரோவின் நடுத் தொடர்வண்டி நிலையத்திற்கு, வால்ட்டர் இசுக்காட்டின் புதினப் பெயரையே இட்டுள்ளனர். 'வேவர்லி' என்பது அது. அதன் அருகில் அவர்க்கு வானளாவ எழுப்பிய நினைவுக்கோபுரமும் நிற்கின்றது. அந்நிலையத்தினின்று அபர்தீன் முதலிய வடநகர்களுக்குச் செல்லும் வண்டியை ஆங்கிலத்தில் 'நார்த்துபவுண்டு' என்பர். பெட்டியை எடுத்துக்கொண்டு விரையும் இசுக்காட்டியன் அதனை ஆங்கிலச் சொல் என்றே எண்ணிக்கொண்டு வண்டியேறுகின்றான். வடக்கிருந்து வந்த அப்பழஞ்சொல், ஒட்டிக்கொண்ட டகரத்தையும் சுமந்துகொண்டு, அவனோடு வடக்கு நோக்கிச் செல்கின்றது.